ஹான்ட்பிறேக் விட்டாலும் வாகனம் நகருதில்லையா? ஜீப், பிக்கப் வைச்சிருக்கிறவைக்கு அறிகுறி பாத்துப் பிழை பிடிக்கிற முறை

ஹான்ட்பிறேக் பிடிச்சுக்கொண்டு விடுதில்லை எண்டவுடனை எங்கட ஆக்கள் முதல் கை வைக்கிறது லீவருக்குக் கீழை இருக்கிற அந்த அட்ஜஸ்ட் நட்டிலைதான். இளக்கி விட்டால் சில்லு சுத்தும், சரி முடிஞ்சுது எண்டு போயிடுவினம், கொஞ்ச நாளாலை ஹான்ட்பிறேக் பிடிக்குதில்லை எண்டு அதே நட்டை இறுக்குவினம், பேந்து அது திரும்பவும் பிடிச்சுக்கொண்டு நிக்கும். இந்தச் சுத்துக்குள்ளை மாட்டுப்பட்ட வாகனங்கள் யாழ்ப்பாணத்திலை கனக்க. முதல் வேலை, இறுக்கம் எங்கை இருக்கு எண்டு பிடிக்கிறது. லீவரிலையா, கேபிளிலையா, ட்றம் எண்ட சுத்திற இரும்புக் கிண்ணத்துக்குள்ளையா, இல்லாட்டி அது ஹான்ட்பிறேக்கே இல்லாமல் கால் பிறேக்கின்ர ஒயில் அமுக்கமா? இந்த நாலையும் பிரிச்சு அறிய ஒரு ஜக், ரெண்டு ஸ்பனர், ஒரு டோர்ச் காணும். அது தெரியாமல் நட்டைத் திருகாதேங்கோ.

எங்கட பக்கம் உது கூட வாறதுக்கு ரெண்டு காரணம். ஒண்டு உப்பு. பண்ணைப் பாலத்தாலை தீவுப் பக்கம் நெடுக போய்வாற வாகனம், மணல்காட்டு மணலுக்கை ஓடுற வாகனம், கசூரினாக் கரையிலை அலை அடிக்கிற இடம் வரைக்கும் இறக்கிற வாகனம், எல்லாத்தின்ர அடிப்பக்கத்தையும் பாருங்கோ, கறள்தான். மற்றக் காரணம் ஊர் சமதரை. ஏத்தம் இறக்கம் இல்லாதபடியால் ஹான்ட்பிறேக் இழுக்காமல் கியரிலை போட்டிட்டு இறங்கிறது பழக்கமாப் போச்சு. அசையாமல் கிடக்கிற கேபிள் கவருக்குள்ளையே கறள் கட்டும், பேந்து ஒரு நாள் குடும்பத்தோடை ஏ9 பிடிச்சு கண்டி, நுவரெலியா எண்டு போய் அங்கை சரிவிலை நிப்பாட்டி நல்லாப் பலமா இழுக்கேக்கை பிடிக்கும், ஆனால் விடாது. மலையிலை நிண்டு கொண்டு மெக்கானிக் தேடுற நிலைமை அப்பிடித்தான் வாறது.

உங்கட வாகனத்திலை என்ன மாதிரி ஹான்ட்பிறேக் எண்டு தெரிஞ்சிருக்க வேணும், ஏனெண்டா அறிகுறி அதுக்கேத்த மாதிரித்தான் வரும். ஹைலக்ஸ், பொலேரோ, ஜிம்னி மாதிரியானதுகளிலை பின்சில்லு ட்றம்முக்கை கால் பிறேக்குக்கு இருக்கிற அதே சூவைத்தான், அதாவது ட்றம்மை உள்ளுக்கையிருந்து அமத்திப் பிடிக்கிற வளைஞ்ச கட்டையைத்தான், கேபிளும் இழுக்கும். பிராடோ, மொண்டெரோ மாதிரிப் பின்னுக்கு டிஸ்க் இருக்கிற கனக்க வாகனத்திலை டிஸ்க்கின்ர நடுக் கிண்ணத்துக்கை தனியாச் சின்னச் சூ ரெண்டு இருக்கும். பழைய லான்ட் றோவர், டிபென்டர் எண்டா கதையே வேறை, அதிலை சில்லிலை ஒண்டும் இல்லை, முன் பின் அச்சிலுக்கு இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிற ட்ரான்ஸ்பர் பொக்ஸுக்குப் பின்னாலை ஒரு ட்றம் இருக்கும், அது பின் அச்சிலுக்கு இழுவையைக் கொண்டு போற புறொப்பெல்லர் சாப்டைப் பிடிக்கும்.

கீழை பூரமுதல் ஒண்டு. இந்த வேலைக்கு ஹான்ட்பிறேக்கை விட்டுத்தான் வைச்சிருக்க வேணும், அப்ப வாகனத்தைப் பிடிச்சுக்கொண்டிருக்க வேறை ஒண்டும் இல்லை. முன்சில்லு ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கல்லோ மரக்குத்தியோ அடைகுடுங்கோ, ஜக்கிலை மட்டும் நம்பிப் படுக்காதேங்கோ, ஸ்ராண்ட் வையுங்கோ. செம்பாட்டு மண் மாரியிலை ஊறி இருந்தா ஜக் அப்பிடியே புதையும், கீழை ஒரு தடிச்ச பலகை போடுங்கோ. லான்ட் றோவர்க்காரர் இன்னும் கவனம், ஒரு பின்சில்லை உயர்த்தினாலே அந்த ஹான்ட்பிறேக் வாகனத்தைப் பிடிக்காது, உயர்த்தின சில்லு சுத்தச் சுத்த மற்றது உருளும்.

இரவு நிப்பாட்டினது, விடிய எடுத்தா அசையுதில்லை

மாரி காலத்திலை, இல்லாட்டி அடி கழுவி உடனை நிப்பாட்டின பிறகு வாறது. ட்றம்மின்ர உள்பக்கம் வெறும் இரும்பு, ஈரத்திலை ஒரு இரவுக்கையே கறள் பூக்கும், சூ அதிலை ஒட்டிக்கொள்ளும். கிளச்சை விட்டா எஞ்சின் திணறும், வாகனம் பின்பக்கம் குந்தும், சில்லு சுத்தாது.

ஆக்ஸிலேற்றரைப் போட்டு மிதிக்க வேண்டாம். லைனிங், அதாவது சூவிலை ஒட்டியிருக்கிற உரசிற பட்டை, கழண்டு ட்றம்மோடை போயிடும், அதுக்குப் பிறகு வேலை பெரிசு. முதல் றிவர்சிலை மெல்ல, பேந்து முதலாம் கியரிலை மெல்ல, முன்னும் பின்னும் மாறி மாறி ஆட்டுங்கோ. 4 வீல் லோ இருந்தா அதிலை போட்டுச் செய்யுங்கோ, இழுவை மெதுவா வரும். “டக்” எண்டு ஒரு சத்தத்தோடை விட்டிடும். விடேல்லை எண்டா எந்தச் சில்லு எண்டு பாத்து அதைக் கழட்டி, ட்றம்மின்ர தட்டைப் பக்கத்திலை, போல்ட்டுகளுக்கு இடையிலை சுத்தியலாலை சுத்திவரத் தட்டுங்கோ, ஓர விளிம்பிலை அடிச்சா வார்ப்பிரும்பு உடையும்.

விட்ட பிறகு கொஞ்சத் தூரம் கால் பிறேக்கை லேசா மிதிச்சபடி ஓடி அந்தக் கறளைத் துடைச்சு விடுங்கோ. ஒரு தரம் வந்து போனா அது மழையின்ர வேலை, பயப்பிட ஒண்டுமில்லை. மழை இல்லாத நாளிலையும் திரும்பத் திரும்ப வந்தா கீழை வாசியுங்கோ.

லீவர் கீழை விழுது, ஆனா கையிலை பாரமே இல்லை, லூசாக் கிடக்கு

இது கேபிள். லீவரை விட்டனீங்கள், முன்பக்கக் கம்பி இளகிப் போச்சு, ஆனால் பின்பக்கம் கவருக்குள்ளை இறுகினது திரும்பி வரேல்லை. அதாலைதான் லீவர் வெறுமனே ஆடுது.

அடிக்குப் போய் டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. நடுவிலை, ஒரு கம்பி ரெண்டாப் பிரியிற இடத்திலை ஒரு தட்டு இருக்கும், அது நேரா நிக்குதா, ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குதா எண்டு பாருங்கோ. சரிஞ்சிருந்தா ரெண்டு கேபிளிலை ஒண்டு மட்டும் இறுகிக் கிடக்கு. இப்ப ஒராளை மேலை இருத்தி லீவரை இழுத்து விடச் சொல்லிப்போட்டு, ஒவ்வொரு கேபிளும் கவருக்கு வெளியாலை வாற அந்தச் சின்னத் துண்டுக் கம்பியைப் பாருங்கோ. நல்ல கேபிள் விட்டவுடனை சடாரெண்டு உள்ளுக்கை போகும். இறுகினது பாதி போய் நிக்கும், இல்லாட்டி அசையவே அசையாது. பிறகு கவரை முழு நீளத்துக்கும் விரலாலை தடவிக்கொண்டு போங்கோ. அச்சிலிலை கிளிப் போட்டுப் பிடிச்சிருக்கிற இடம், பின் ஸ்பிறிங்குக்குக் கிட்ட வளையிற இடம், இந்த ரெண்டிலையும்தான் மேல் பிளாஸ்ரிக் வெடிக்கும். வெடிச்ச இடம் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கும், அமத்தினா உள்ளுக்கை கறள் தூள் நறநறக்கும், வளைச்சா அந்த வெடிப்பாலை மண்ணிறத் தூள் கொட்டும். அந்தக் கேபிளுக்கு இனி வைத்தியம் இல்லை. ஒயில் விட்டா ரெண்டு கிழமைக்கு ஓடும், ஒயில் வழிஞ்சு ட்றம்முக்கை போனா சூவும் சேந்து பழுதாப் போயிடும். மாத்துங்கோ. மாத்தேக்கை பழையது போன வழியாலையே புதுசைக் கொண்டு போங்கோ, கிளிப் எல்லாத்தையும் திரும்பப் பூட்டுங்கோ, கடைசியிலை இருக்கிற றப்பர் தொப்பி கிழிஞ்சிருந்தா அதையும் மாத்துங்கோ, உப்புத்தண்ணி உள்ளுக்கை போற வாசல் அதுதான்.

பழைய ஹைலக்ஸ் வைச்சிருக்கிறவை இன்னொரு இடமும் பாக்க வேணும். ட்றம்மைப் பின்பக்கத்தாலை மூடியிருக்கிற பின்தட்டுக்கு வெளியிலை, கேபிள் வந்து கொழுவிற இடத்திலை, ஒரு சின்ன மடக்கு லீவர் றப்பர் பூட்டோடை இருக்கும். சேறும் மணலும் நேரா அடிக்கிற இடம், அது திரும்பிற ஆணி கறள் கட்டி இறுகிப் போகும். கேபிள் புதுசு, சூ புதுசு, அப்பவும் விடுதில்லை எண்டா உதுதான். அதோடை அந்த ஹைலக்ஸிலை பின் பிறேக் தானா அட்ஜஸ்ட் ஆகிறதே ஹான்ட்பிறேக் இழுக்கேக்கைதான். அந்த மடக்கு இறுகினா, இல்லாட்டி நீங்கள் ஹான்ட்பிறேக்கே இழுக்காத ஆள் எண்டா, சூ தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டு போய் கால் பிறேக் பெடலும் கீழை போகத் தொடங்கும். சமதரையிலை ஓடுறம், ஹான்ட்பிறேக் எதுக்கு எண்டு கேக்கிறவைக்கு நான் சொல்லுற முதல் மறுமொழி இதுதான்.

லீவரே கீழை இறங்குதில்லை

பட்டனை அமத்தினாலும் பல்லு விடுதில்லை. லீவரை முதல் கொஞ்சம் மேலை இழுத்துப்போட்டுப் பட்டனை அமத்துங்கோ, பல்லிலை இருக்கிற பாரம் குறைஞ்சாத்தான் அது விடும். விட்டாலும் பட்டன் திரும்பி வெளியிலை வரேல்லை எண்டா கவரைக் கழட்டிப் பல்லுச் சக்கரத்தைப் பாருங்கோ, மணல், சிந்தின சோடா, எல்லாம் சேந்து பிசினா ஒட்டியிருக்கும். துடைச்சுக் கொஞ்சம் கிறீஸ் பூசினாச் சரி.

சிவப்பு லைற் அணையுதில்லை

இதுக்கு ஹான்ட்பிறேக்கைக் குத்தம் சொல்ல முதல் பிறேக் ஒயில் டப்பாவைப் பாருங்கோ. கனக்க வாகனத்திலை ரெண்டுக்கும் ஒரே லைற்தான். ஒயில் குறைஞ்சிருந்தா எங்கையோ ஒழுகுது, இல்லாட்டிப் பாட் தேஞ்சு போச்சு, அதைப் பாக்காமல் ஓடக்கூடாது. ஒயில் சரியா இருந்தா லீவரடியிலை இருக்கிற சுவிச்சை விரலாலை அமத்திப் பாருங்கோ, லைற் அணைஞ்சா லீவர் முழுசா இறங்கேல்லை, இல்லாட்டிச் சுவிச் இடம் மாறிப் போச்சு.

ஓடேக்கை ஒரு பின்சில்லு சூடாகுது, கருகின மணம் வருது

இதுதான் ஆபத்தானது, இதைத் தள்ளிப் போடாதேங்கோ. இறுகின ட்றம் சூடாகிக்கொண்டே போகும், சூடு கூடினா பிறேக் ஒயில் கொதிச்சு குமிழி வரும், அப்ப காலை வைச்சா பெடல் நேர தரைக்குப் போகும். பெயாரிங் கிறீஸ் உருகும், அச்சில் சீல் வேகும், சீல் போனா கியர் ஒயில் ட்றம்முக்கை வந்து சூவை நனைக்கும்.

நிப்பாட்டிப் பாக்கேக்கை றிம்மைத் தொடாதேங்கோ, புறங்கையைக் கிட்டக் கொண்டு போங்கோ, ரெண்டு பக்கமும் ஒப்பிட்டா வித்தியாசம் உடனை விளங்கும். அவசரத்திலை தண்ணி ஊத்த வேண்டாம், சூடான வார்ப்பிரும்பு வெடிக்கும். நிழலிலை விட்டு ஆற விடுங்கோ.

ஆறின பிறகு ஜக் போட்டு அந்தச் சில்லைக் கையாலை சுத்துங்கோ, கியர் நியூட்ரலிலை இருக்கட்டும். இறுக்கமா இருக்கா? இப்பதான் முதல் சொன்ன நாலையும் பிரிக்கிற வேலை. முதல் நடுத் தட்டிலை கேபிள் நட்டை நல்லா இளக்குங்கோ, இது பாக்கிறதுக்கு மட்டும்தான், எத்தினை புரி எண்டு குறிச்சு வையுங்கோ. இளக்கினவுடனை சில்லு சுத்தினா பிழை கேபிளிலை, இல்லாட்டி ஆரோ கேபிளை அளவுக்கு மிஞ்சி இறுக்கி வைச்சிருக்கினம். சுத்தேல்லை எண்டா அந்தச் சில்லின்ர பிளீடர் நிப்பிளை, அதாவது பிறேக் ஒயிலை வெளியிலை விடுற சின்ன ஆணியை, ஒரு கால் சுத்து இளக்குங்கோ, ஒரு போத்தலும் குழாயும் பிடிச்சுக்கொள்ளுங்கோ, பிறேக் ஒயில் பெயின்றைத் தின்னும். ஒயில் சீறி வந்து சில்லு உடனை இளகினா இது ஹான்ட்பிறேக் பிரச்சினையே இல்லை, அமுக்கம் உள்ளுக்கை அடைபட்டு நிக்குது. றப்பர் ஹோஸ் உள்பக்கம் ஊதி அடைச்சிருக்கலாம், பெடல் தள்ளிற மாஸ்ரர் சிலிண்டர் ஒயிலைத் திரும்ப விடாமல் இருக்கலாம். ஜீப், பிக்கப் கனக்கத்திலை பின் அச்சிலுக்கு ஒரே ஒரு ஹோஸ்தான் போகும், அதாலை ஹோஸ் பிழை எண்டா ரெண்டு பின்சில்லும் சேந்து இறுகும். நிப்பிளைப் பூட்டி, ஒயிலுக்குள்ளை புகுந்த காத்தை எடுத்துப்போட்டு அந்தப் பக்கம் தேடுங்கோ.

கேபிள் இளக்கியும் விடேல்லை, நிப்பிள் திறந்தும் விடேல்லை, அப்ப பிழை ட்றம்முக்குள்ளைதான். திறக்க வேணும்.

ட்றம்மைத் திறந்து பாக்கிறது

ட்றம் வராட்டி இழுத்துப் பறிக்க வேண்டாம். கனக்க ட்றம்மிலை ரெண்டு நூல் போட்ட ஓட்டை இருக்கும், ரொயோட்டா எண்டா 8 மில்லிமீற்றர் போல்ட் போகும், ரெண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்க ட்றம் தானா வெளியிலை வரும். தேஞ்ச ட்றம்மிலை ஓரத்திலை ஒரு வரம்பு கட்டியிருக்கும், சூ அதிலை தடக்கும், அப்ப பின்தட்டு ஓட்டையாலை மெல்லிய ஸ்க்ரூ ட்றைவரை விட்டுப் தடுக்கிற பல்லைத் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு, சூவின்ர இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற நட்சத்திரச் சக்கரத்தை இன்னொண்டாலை பின்னுக்குச் சுத்த வேணும். பொறுமை வேணும் இதுக்கு.

உள்ளுக்கை இருக்கிற தூசியைக் காத்தடிச்சு ஊதாதேங்கோ. பழைய சூவிலை அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், அது நெஞ்சுக்குள்ளை போனா நல்லதில்லை. பிறேக் கிளீனர் அடிச்சு, இல்லாட்டித் தண்ணியாலை நனைச்சுத் துடையுங்கோ. மண்ணெண்ணை, பெற்றோல், டீசல் ஒண்டும் சூவிலை படவே கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் கழட்டுங்கோ, மற்றப் பக்கம் பூட்டினபடி கிடக்கட்டும், ஸ்பிறிங் எந்த ஓட்டையிலை இருந்தது எண்டு குழம்பினா அதைப் பாத்துப் பூட்டலாம்.

பின்சூவிலை ஒரு நீளத் தட்டு லீவர் இருக்கும், கேபிள் முனை கொழுவிறது அதிலைதான். அதைக் கையாலை அசையுங்கோ, சுகமா போய்வர வேணும், அது திரும்பிற ஆணி கறள் கட்டினா ஹான்ட்பிறேக் விடாது. அடுத்தது பின்தட்டிலை சூ உரசிற மேடைகள், பொதுவா ஒவ்வொரு சூவுக்கும் 3. வருசக்கணக்கா உரசி அதிலை பள்ளம் விழுந்திருக்கும், சூவின்ர ஓரம் அந்தப் பள்ளத்துக்கை குந்தி நிண்டிடும், ஸ்பிறிங் இழுத்தாலும் திரும்பி வராது. நகத்தாலை தடவிப் பாருங்கோ, நகம் தடக்கினா அதை வெல்டிங் நிரப்பி அராவி மட்டமாக்க வேணும், புதுச் சூ போட்டாலும் இந்தப் பள்ளம் கிடந்தா பிழை திரும்ப வரும். கனபேர் பாக்காமல் விடுற இடம் இதுதான். மேடைகளிலை சூடு தாங்கிற கிறீஸ் மெல்லிசாப் பூசுங்கோ, சாதாரண கிறீஸ் உருகி லைனிங்கிலை வழியும். ஸ்பிறிங் நீண்டு போயிருந்தா, நிறம் நீலமா மாறியிருந்தா மாத்துங்கோ. ஒயில் அமுக்கத்தாலை சூவைத் தள்ளிற வீல் சிலிண்டரின்ர றப்பரைத் தூக்கிப் பாருங்கோ, ஈரமா இருந்தா அதுவும் போச்சு. சூ மாத்திறது எண்டா ரெண்டு பக்கமும் சேத்துத்தான்.

பின்னுக்கு டிஸ்க், ஆனா உள்ளுக்கை கரகர எண்டு சத்தம், சில்லு விட்டு விட்டு இறுகுது

கிண்ணத்துக்கை இருக்கிற சின்னச் சூவின்ர லைனிங் கழண்டு போச்சு. உப்புத்தண்ணி பட்ட பிராடோ, மொண்டெரோவிலை கறள் லைனிங்குக்கும் இரும்புக்கும் இடையிலை ஊர்ந்து போய் பசையைக் கிளப்பிவிடும். கழண்ட துண்டு உள்ளுக்கை உருண்டு ஆப்பு மாதிரி மாட்டும். டிஸ்க்கைக் கவ்வுற கலிப்பரைக் கழட்டிக் கம்பியாலை தூக்கிக் கட்டுங்கோ, ஹோஸிலை தொங்க விடாதேங்கோ, டிஸ்க்கிலை இருக்கிற ஓட்டையாலை நட்சத்திரச் சக்கரத்தை இளக்கி டிஸ்க்கை எடுங்கோ.

சில்லு நாலும் குளிர், ஆனா வாகனம் இழுபடுது, நடுவாலை மணம் வருது

லான்ட் றோவர், டிபென்டர். சீற்றுக்குக் கீழை சூடு தெரியும். ட்ரான்ஸ்பர் பொக்ஸின்ர பின் ஒயில் சீல் ஒழுகினா ஒயில் நேர அந்த ட்றம்முக்கைதான் வரும், அதோடை தூசி சேந்து களியாகிச் சூவை ஒட்டவைக்கும். புறொப்பெல்லர் சாப்டின்ர 4 நட்டையும் 9/16 ஸ்பனராலை கழட்டி ட்றம்மை எடுங்கோ. ஒயில் இருந்தா சீல் மாத்தாமல் சூ மாத்திறது காசை எறியிறது. அட்ஜஸ்ட் பண்ணிறதுக்குப் பின்தட்டிலை ஒரு சதுரத் தலை ஆணி இருக்கும், ட்றம் இறுகும் வரைக்கும் திருகிப்போட்டு, கையாலை சுத்தேக்கை உரசாமல் வரும் அளவுக்குத் திரும்ப இளக்குங்கோ. இந்த ஹான்ட்பிறேக்கை வாகனம் ஓடேக்கை இழுக்கவே கூடாது, சாப்டும் டிபரென்ஷலும் உடையும்.

கடற்கரை, வெள்ளம் போய் வந்த பிறகு

அண்டைக்கே கழுவுங்கோ, ஆனால் எந்தத் தண்ணி எண்டு யோசியுங்கோ. கரையோரத்திலையும் தீவுப் பக்கத்திலையும் கனக்கக் கிணறு உவர், அதாலை கழுவினா உப்புக்கு மேலை உப்பு. நல்ல தண்ணியாலை சில்லின்ர உள்பக்கம், பின்தட்டு, கேபிள் தொப்பி எல்லாம் மெதுவான அமுக்கத்திலை கழுவி, பிறேக்கை மிதிச்சு மிதிச்சுக் கொஞ்சம் ஓடிக் காயவையுங்கோ. அண்டு இரவு ஹான்ட்பிறேக் இழுக்க வேண்டாம், கியரிலை போட்டுக் கல் அடை வையுங்கோ. வெளிநாடு போற ஆக்கள் மாசக்கணக்கா வாகனத்தை விட்டிட்டுப் போகேக்கையும் அப்பிடித்தான்.

வழியிலை நிண்டிட்டால்

சுண்டிக்குளம் பக்கமோ, கடல் தாண்டி நெடுந்தீவிலையோ நிண்டா உதிரிப்பாகம் தேட ஏலாது. கேபிள் நட்டை முழுசா இளக்கி ஹான்ட்பிறேக் இல்லாமல் மெதுவா வாங்கோ, நிப்பாட்டேக்கை கியரும் கல்லும். உடைஞ்ச லைனிங் எண்டா திறந்து அந்தத் துண்டை எடுத்துப்போட்டுப் பூட்டுங்கோ. எலெக்ட்ரிக் ஹான்ட்பிறேக் இருக்கிற புது வாகனத்திலை சுத்தியல், ஸ்பனர் ஒண்டும் வேண்டாம், பற்றறி வோல்ற்றைப் பாருங்கோ, அது சரியெண்டா ஸ்கான் பண்ணிற இடத்துக்குத்தான்.

பூட்டின பிறகு அட்ஜஸ்ட்

ஒழுங்கு முக்கியம். கேபிளை முழுசா இளக்கி விட்டபடி முதல் சில்லிலை சூவை அட்ஜஸ்ட் பண்ணுங்கோ, லேசா ஒரு உரசல் கேக்கும் வரைக்கும் கூட்டிப் பேந்து கொஞ்சம் குறையுங்கோ. பெடலை நாலைஞ்சு தரம் மிதியுங்கோ. அதுக்குப் பிறகுதான் கேபிள் நட்டு. லீவர் எத்தினை கிளிக்கிலை பிடிக்க வேணும் எண்டு உங்கட வாகனத்தின்ர மனுவலிலை இருக்கும், கனக்கத்துக்கு 5 இலையிருந்து 9க்குள்ளை வரும். 2 கிளிக்கிலையே பிடிக்குதெண்டு சந்தோசப்படாதேங்கோ, அப்ப உள்ளுக்கை இருக்கிற லீவர் முழுசாத் திரும்பி வந்து குந்த இடமில்லை, சூ எந்த நேரமும் உரசும்.

மலை இல்லாத ஊரிலை பிடிக்குதா எண்டு பாக்கிறதுக்கு, மனுவல் கியர் எண்டா வெளியான இடத்திலை நிப்பாட்டி ஹான்ட்பிறேக்கை இழுத்து, முதலாம் கியர் போட்டுக் கிளச்சை மெல்ல மெல்ல விடுங்கோ, வாகனம் நகராமல் எஞ்சின் திணறி நிக்கப் பாத்தா பிடிக்குது, உடனை கிளச்சை மிதியுங்கோ. விடுதா எண்டு பாக்கிறதுக்கு மானிப்பாய் றோட்டாலையோ எங்கையோ ஒரு சுத்து ஓடி வந்து, கடைசித் துண்டிலை பிறேக் மிதிக்காமல் தானா உருண்டு நிக்க விட்டு, ரெண்டு பின்சில்லுக்கும் கிட்டப் புறங்கையைப் பிடிச்சுப் பாருங்கோ. ரெண்டும் ஒரே சூட்டிலை இருக்க வேணும்.